மாட்டு ஊசியும் பூனைக் கண்ணும்: ஆண்டிபயாடிக் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கன்னியாகுமரி மாவட்டத்தில் ஒரு வீட்டைச் சுற்றிவந்தால் ஒரு பசு, இரண்டு ஆடு, ரப்பர் மரத்தடியில் ஏழெட்டுக் கோழி, வாசலில் நாய், அடுப்படியில் பூனை, விளையின் ஓரத்தில் தேன்பெட்டி என எல்லாம் இருக்கும். இத்தனைக்கும் மருந்து மட்டும் ஒரே இடத்தில், ஆணியில் தொங்கும் பிளாஸ்டிக் பையில். போன மாதம் பசுவுக்கு வாங்கியதில் மிச்சம், பேரனுக்கு வாங்கிய சிரப்பில் மிச்சம், நாய்க்கு எழுதிய மாத்திரையில் நான்கு. விளவங்கோடு, கல்குளம் பக்கங்களில் கால்நடை மருத்துவராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். இன்றும் எனக்கு வரும் தொலைபேசிக் கேள்விகளில் பாதி அந்தப் பையிலிருந்துதான் கிளம்புகின்றன. திரும்பத் திரும்ப வருபவற்றை இங்கே எழுதியிருக்கிறேன்.

எடைக்குத் தகுந்தபடி அளவைக் கூட்டிக் குறைத்தால் ஒரே ஆண்டிபயாடிக்கை எல்லா உயிருக்கும் கொடுக்கலாம்தானே?

முடியாது. எவ்வளவு மருந்து உள்ளே போக வேண்டும் என்று கணக்கிடத்தான் எடை உதவும். போன மருந்து எத்தனை மணி நேரத்தில் வெளியேறும் என்று எடைத்தராசு சொல்லாது.

ரத்தத்தில் உள்ள மருந்து பாதியாகக் குறைய ஆகும் நேரத்தை அரை ஆயுள் என்கிறோம். சல்ஃபா என்ற கிருமிக்கொல்லி மருந்து வகையோடு சேர்த்துக் கொடுக்கும் டிரைமெத்தோபிரிமை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் அரை ஆயுள் மனிதனுக்கு 8 முதல் 10 மணி நேரம், குதிரைக்குச் சுமார் 3 மணி நேரம், பசுவுக்குச் சுமார் 1 மணி நேரம்தான். பெரிய உடம்பு மெதுவாகத்தான் தள்ளும் என்று நினைப்போம். இங்கே 400 கிலோ பசு 60 கிலோ மனிதனை முந்திக்கொண்டு ஓடுகிறது.

செஃப்ட்ரியாக்சோன் ஊசியும் இப்படித்தான். மனிதனுக்கு அரை ஆயுள் 6 முதல் 9 மணி நேரம். அதனால் ஆஸ்பத்திரியில் நாளுக்கு ஒரு ஊசி போடுகிறார்கள். நாய்க்கு அது சுமார் 1 மணி நேரம். ஐந்து அரை ஆயுள் கடந்தால் மிஞ்சுவது 3 சதவீதம். மனிதக் கணக்கில் காலையில் ஒரு ஊசி போட்டுவிட்டு மறுநாள் வரை காத்திருந்தால், மதியத்துக்கு மேல் அந்த நாயின் ரத்தத்தில் கிருமி இருக்கும், மருந்து இருக்காது.

மருந்தை வெளியே தள்ளுவது எது?

இரண்டு வாசல்கள். ஒன்று சிறுநீரகம். பெனிசிலின், அமாக்சிசிலின், ஜென்டாமைசின் எல்லாம் பெரும்பாலும் உருமாறாமலேயே சிறுநீரில் போய்விடும். மற்றொன்று கல்லீரல். அது தன் நொதிகளால் மருந்தை அறுத்தோ, அதோடு வேறொரு பொருளை ஒட்டியோ, பித்தநீரிலும் சிறுநீரிலும் அனுப்பும். முதல் வாசலில் பாலூட்டிகளுக்குள் வேறுபாடு ஓரளவுதான். இரண்டாவதில்தான் கூத்தெல்லாம், ஏனென்றால் எந்த உயிரிடம் எந்த நொதி இருக்கிறது என்பது அதனதன் பரம்பரைச் சொத்து.

தின்னும் தீனியும் கொஞ்சம் சேர்ந்துகொள்ளும். புல் தின்னும் பசுவின் சிறுநீர் காரத்தன்மை உள்ளது, இறைச்சி தின்னும் நாய், பூனையின் சிறுநீர் அமிலத்தன்மை உள்ளது. சல்ஃபா மருந்துகள் காரத்தன்மையுள்ள சிறுநீரில் விரைவாக இறங்கிப் போகும். டாக்சிசைக்ளின் பெரும்பாலும் குடல் வழியாகவே போய்விடும். சிறுநீரகம் கெட்ட நாய்க்கும் அதை நம்பிக் கொடுப்பது அதனால்தான்.

நாய்க்கு எழுதிய மாத்திரையில் கால்பங்கை உடைத்துப் பூனைக்குக் கொடுக்கலாமா?

எனக்கு அதிகம் பயம் தரும் கேள்வி இதுதான். காரணம், நானே ஒரு முறை தவறியிருக்கிறேன். பணியில் சேர்ந்த புதிதில் நடந்ததென்றால் சாக்குச் சொல்லலாம். நன்றாகத் தேறிவிட்டதாக நினைத்துக்கொண்டிருந்த நாட்களில் நடந்தது.

தக்கலைப் பக்கம் ஒரு வீட்டுப் பூனை. முதுகில் கடிபட்டுச் சீழ் பிடித்திருந்தது. எனரோஃப்ளாக்சசினை நாய்க்குக் கொடுக்கும் உயர்ந்த அளவில் கொடுத்தேன். நான்காம் நாள் அந்த அம்மா அழைத்தார்: "டாக்டரே, புண் ஆறிவிட்டது. ஆனால் பூனை வாசல்படியில் போய் முட்டுகிறது." போய் அதைத் தூக்கி வெயிலில் பிடித்தேன். பூனையின் கண்மணி பகலில் நெல்மணிபோல ஒடுங்க வேண்டும். இதன் கண்மணி நடுப்பகலில் நள்ளிரவுபோல வட்டமாக விரிந்தே நின்றது. பார்வை திரும்பவில்லை.

ரத்தத்திலிருந்து விழித்திரைக்குள் நுழையும் மருந்தைப் பிடித்துத் திருப்பி அனுப்ப ஏபிசிஜி2 என்றொரு புரதம் காவல் நிற்கிறது. பூனை இனத்தில் அந்தப் புரதத்தின் அமைப்பே மாறிப்போய், காவலாளி இருந்தும் இல்லாத கதை. மருந்து விழித்திரையில் சேர்ந்து, வெளிச்சம் பட்டதும் நச்சாக வேலை செய்கிறது. அதனால்தான் பூனைக்கு ஒரு நாளில் கிலோ எடைக்கு 5 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்று வரம்பு வைத்தார்கள். நாய்க்கு அதைப்போல் நான்கு மடங்கு வரை கொடுப்பதுண்டு.

கல்லீரலிலும் பூனைக்கு ஒரு குறை. மருந்தோடு குளுக்குரோனிக் அமிலத்தை ஒட்டி வெளியேற்றும் வேலையில் அது மிகவும் பின்தங்கியது. அதற்கான மரபணுக்களில் ஒன்று பூனைகளிடம் உடைந்து கிடக்கிறது. குளோராம்பெனிகாலின் பாதியைக் குதிரை ஒரு மணி நேரத்துக்குள் தள்ளிவிடும். பூனைக்கு ஏறத்தாழ 5 மணி நேரம் ஆகும். ஆண்டிபயாடிக் இல்லையென்றாலும் சொல்லிவிடுகிறேன்: பாராசிட்டமால் பூனைக்கு எமனாவதும் இதே குறையால்தான். காய்ச்சல் என்று அரை மாத்திரைகூடக் கொடுக்காதீர்கள்.

அப்படியானால் நாய்க்கு எதுவும் ஆகாதா?

அதற்கும் ஓட்டை உண்டு. சல்ஃபா மருந்தோடு அசிட்டைல் என்ற சிறு பொருளை ஒட்டி மாற்றும் நொதி மனிதனிடம் உண்டு, நாய்க் குடும்பத்திடம் அறவே இல்லை. மரபணுவே கிடையாது. சல்ஃபா கொடுத்த சில நாய்களுக்கு மூட்டுவலி, காய்ச்சல், கண் வறட்சி வருகின்றன, டாபர்மேன்களுக்கு அதிகம். கொடுக்கவே கூடாது என்றில்லை, கண்காணிக்க வேண்டும்.

மகனுக்கு வாங்கிய அமாக்சிசிலின் சிரப்பை முயலுக்கு ஐந்து சொட்டுக் கொடுத்தோம். இரண்டாம் நாளே கழிச்சல். ஏன்?

உடனே நிறுத்திவிட்டு மருத்துவரிடம் கொண்டுபோங்கள். இதில் குற்றவாளி முயலின் கல்லீரலோ சிறுநீரகமோ இல்லை, குடல். முயலின் குருட்டுக்குடல் ஒரு பெரிய ஊறல் பானை. புல்லைப் புளிக்கவைத்துச் சத்தாக்கும் நுண்ணுயிர்கள்தான் அங்கே குடித்தனம். வாய்வழி போன அமாக்சிசிலின் அவற்றை அழித்துவிடும். காலியான இடத்தில் கிளாஸ்ட்ரிடியம் வகைப் பாக்டீரியா பெருகி நச்சைக் கக்கும். முதலில் தீனி எடுக்காது, பிறகு கழிச்சல், பிறகு உடல் சில்லிட்டுப் போகும். கிளிண்டாமைசின், லின்கோமைசினுக்கும் இதே எச்சரிக்கை. கினிப்பன்றிக்கும் ஹாம்ஸ்டர் என்ற வளர்ப்பு எலிக்கும் இதே பாடு. ஆக, ஒரு மருந்தை உடம்பு எப்படி வெளியேற்றுகிறது என்று மட்டும் பார்த்தால் போதாது, போகிற வழியில் அது யாரையெல்லாம் மிதித்துக்கொண்டு போகிறது என்றும் பார்க்க வேண்டும்.

இதில் ஒரு பழைய கதை உண்டு. 1940 மே 25 அன்று ஆக்ஸ்ஃபோர்டில் விஞ்ஞானி ஃப்ளோரியின் குழுவினர் எட்டுச் சுண்டெலிகளுக்குக் கிருமியை ஏற்றி, நான்குக்கு மட்டும் பெனிசிலின் கொடுத்தார்கள். மருந்து பெறாத நான்கும் விடிவதற்குள் செத்தன. மருந்தின் எதிர்காலம் அன்றே எழுதப்பட்டது. கினிப்பன்றிக்குப் பெனிசிலின் நஞ்சு என்பது 1943 வாக்கில்தான் தெரிய வந்தது. அன்று கூண்டில் எலிக்குப் பதில் கினிப்பன்றி இருந்திருந்தால் பெனிசிலினை விஷம் என்று முத்திரை குத்தி மூலையில் வைத்திருப்பார்களோ என்னவோ.

வேடிக்கை என்னவென்றால், பூனைக்கு எழுதக் கை நடுங்கும் எனரோஃப்ளாக்சசினை முயலுக்கு நான் தயங்காமல் எழுதுவேன்.

பசுவுக்கு ஏன் எப்போதும் ஊசி? மாத்திரை கொடுத்தால் ஆகாதா?

பசுவின் பெருவயிறும் ஓர் ஊறல் பானைதான், அதுவும் நூறு லிட்டருக்கு மேல் கொள்ளக்கூடியது. மாத்திரை போய் விழுந்தால் ஒன்று நுண்ணுயிர்களைக் கொன்று அசைபோடுவதை நிறுத்தும், அல்லது நுண்ணுயிர்கள் மருந்தைத் தின்றுவிடும். குளோராம்பெனிகாலையும் டிரைமெத்தோபிரிமையும் அங்கேயே சிதைத்துவிடும்.

மரச்சீனி இலை தின்று ஆடு மாடு துடித்து விழுவதை நம் ஊரில் பார்த்திருப்பீர்கள். இலையில் அடங்கிக் கிடக்கும் சயனைடைப் பெருவயிற்று நுண்ணுயிர்கள் மளமளவென்று பிரித்துவிடுவதால்தான் அசைபோடும் பிராணிகளுக்கு அத்தனை வேகத்தில் ஏறுகிறது. அதே பானை அங்கே நஞ்சை அவிழ்க்கிறது, இங்கே மருந்தை அழிக்கிறது.

கன்றுக்குட்டி வேறு கதை. பெருவயிறு இன்னும் வேலை தொடங்கவில்லை, பால் நேரே கடைசி வயிற்றுக்குப் போகும். அதனால் பிறந்து சில வாரங்கள் வரை வாய்வழி மருந்து எடுபடும். ஆனால் கல்லீரல் நொதிகளும் முற்றியிருக்காது. தாய்ப் பசு ஒரு மணி நேரத்தில் தள்ளுவதைக் கன்று பல மணி நேரம் வைத்திருக்கும். "சின்ன மாடுதானே" என்று அளவை மட்டும் குறைத்து, இடைவெளியை அப்படியே விட்டுவிடாதீர்கள்.

ஆடு என்பது சின்ன மாடுதானே?

இல்லை. ஆட்டின் கல்லீரல் பல மருந்துகளை மாட்டையும் செம்மறியையும்விட வேகமாக முடித்துவிடும். குடற்புழு மருந்தான அல்பெண்டசோலை ஆட்டுக்குக் கூடுதல் அளவில் கொடுப்பது இதனால்தான். எதிர்ப்பக்கத்து உதாரணமும் உண்டு: மாட்டின் நுரையீரல் நோய்க்குப் பேர்போன டில்மைகோசின் ஊசி ஆட்டின் இதயத்தைத் தாக்கிக் கொன்றுவிடும். போடுகிறவர் கையில் தவறிக் குத்திக்கொண்டு மனிதர்களும் இறந்திருக்கிறார்கள்.

மடிநோய்க்கு ஒரே ஒரு காம்பில்தான் மருந்து ஏற்றினோம். மற்ற மூன்று காம்புகளின் பாலைக் கொடுக்கலாமா?

கூடாது. காம்பில் ஏற்றியது அங்கேயே தங்காது. மடியிலிருந்து ரத்தத்துக்குப் போய், ரத்தம் சுற்றி, மற்ற மூன்று அறைகளுக்கும் கொஞ்சம் கொஞ்சமாக வரும். நான்கு காம்பின் பாலையும் ஒதுக்க வேண்டும்.

பாலில் மருந்து சேர்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அமில-கார அளவான பிஎச் ரத்தத்தில் 7.4, பாலில் 6.6, அதாவது பால் சற்று அமிலப் பக்கம். எரித்ரோமைசின் போன்ற காரத்தன்மையுள்ள மருந்துகள் பாலுக்குள் நுழைந்ததும் மின்னேற்றம் பெற்று, திரும்பிப் போக முடியாமல் மாட்டிக்கொள்கின்றன. மீன்பறி போலத்தான், உள்ளே வர வழி உண்டு, வெளியேறத்தான் வழியில்லை. ரத்தத்தில் இருப்பதைவிடப் பாலில் அதிகம் இருக்கும் மருந்துகளும் உண்டு.

எத்தனை நாள் ஒதுக்குவது என்பது மருந்தின் அட்டையில் இருக்க வேண்டும். இந்திய மருந்து விதிகளில் 2012இல் செய்த திருத்தம் இதைக் கட்டாயமாக்கியது. அந்த மருந்துக்கென்று தனியாகச் சோதித்து நாள் குறிக்கவில்லையென்றால், பாலுக்கும் முட்டைக்கும் குறைந்தது 7 நாள், இறைச்சிக்கு 28 நாள்.

"கொதிக்கவைத்தால் போய்விடும்தானே?" என்பது அடுத்த கேள்வியாக வரும். கொஞ்சம் குறையும், போகாது. வீட்டிலேயே இதற்குச் சாட்சி கிடைக்கும். பசுவுக்கு ஊசி போட்ட வீட்டில், காய்ச்சி ஆறிய பாலில் மோர் ஊற்றி வைத்து, காலையில் மூடியைத் திறந்தால் பால் பாலாகவே ஆடும். உறை கெட்டுவிட்டது என்று பக்கத்து வீட்டில் புது உறை கேட்டு வாங்குவார்கள். உறைமோரில் ஒரு குறையும் இருக்காது, பாலில் உள்ள மருந்து அதன் பாக்டீரியாவை வளரவிடவில்லை. தயிர் தோய்ந்துவிட்டது என்பதற்காகப் பால் சுத்தம் என்று நினைத்துவிடவும் வேண்டாம். சிறு அளவு மருந்தில் தயிர் தோயும். பெனிசிலின் ஒவ்வாமை உள்ளவருக்கு அந்தச் சிறு அளவும் ஆபத்துதான்.

ஊசி போட்டும் குணமாகாத மாட்டை இறைச்சிக்கு விற்கலாமா?

மருந்தின் அட்டையில் இறைச்சிக்குச் சொன்ன ஒதுக்கும் நாட்கள், அதாவது விலக்குக் காலம், முடிந்தால் விற்கலாம். ஜென்டாமைசின் போட்டிருந்தால் என்னிடம் அனுமதி கேட்காதீர்கள், தர மாட்டேன். அதன் அரை ஆயுள் பசுவின் ரத்தத்தில் 2 மணி நேரம்தான் இருக்கும், மறுநாளே ரத்தத்தில் தேடினால் கிடைக்காது. ஆனால் வெளியேறும்போது ஒரு பகுதி சிறுநீரகத்தின் புறணிச் செல்களில் ஒட்டிக்கொள்ளும். அங்கிருந்து இறங்க மாதங்கள் ஆகும். மாட்டுக்கு 18 மாதம் என்று மேலைநாட்டு மருத்துவர்கள் கணக்குச் சொல்வது இதனால்தான். ரத்தத்தின் கணக்கும் உறுப்பின் கணக்கும் ஒன்றில்லை என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது.

கோழிக்குத் தண்ணீரில் மருந்து கலந்தோம். முட்டையை எப்போதிலிருந்து சாப்பிடலாம்?

இன்று இடும் முட்டையின் மஞ்சள் கரு இன்று உருவானதில்லை. பத்து நாள் போல அடுக்கடுக்காகத் திரண்டது. எந்த நாளில் மருந்து ரத்தத்தில் இருந்ததோ அந்த நாளின் அடுக்கில் அது இருக்கும். அதனால் கோழி தன் ரத்தத்திலிருந்து ஒரே நாளில் மருந்தைத் தள்ளினாலும் முட்டை ஒன்றரை வாரம் வரை அதைக் காட்டிக்கொடுக்கும். 7 நாள் என்பது சட்டம் சொல்லும் குறைந்த அளவு. வீட்டுக் கோழியென்றால் நான் இரண்டு வாரம் பொறுக்கச் சொல்வேன்.

கிளிஞ்சல் தூள் கலந்த முட்டைக்கோழித் தீவனத்தோடு டெட்ராசைக்ளின் வகைகளைக் கொடுத்தால், சுண்ணாம்புச்சத்து மருந்தைப் பிடித்துக்கொண்டு ஒரு பகுதியை எச்சத்திலேயே அனுப்பிவிடும். ஊசி போடுவதானால் காலில் வேண்டாம், நெஞ்சுச் சதையில் போடச் சொல்லுங்கள். பறவைகளுக்குக் காலிலிருந்து வரும் ரத்தத்தில் ஒரு பகுதி இதயத்துக்குப் போகும் முன்பே சிறுநீரகத்தைத் தொட்டுவிட்டுத்தான் போகும்.

கறிக்கோழி வளர்ப்போர் ஒன்றை மறக்கக் கூடாது. ரத்தக்கழிச்சலுக்காகத் தீவனத்தில் மோனென்சின், சாலினோமைசின் கலந்திருக்கும். அதே நேரத்தில் சளிக்கு டியாமுலின் கொடுத்தால், டியாமுலின் கல்லீரலைக் கட்டிப்போட்டுவிடும். தினமும் வெளியேறிக்கொண்டிருந்த மோனென்சின் தேங்கி, கோழிகள் கால் மடங்கி விழும். கோழிகளில் பாதியைக் கொல்ல மோனென்சின் கிலோ எடைக்குச் சுமார் 200 மில்லிகிராம் வேண்டும். குதிரைக்கு 2, 3 மில்லிகிராமே உயிரைப் பறிக்கும். கோழித் தீவனம் மிச்சமென்று எந்தக் குதிரைக்கும் வைக்காதீர்கள்.

பன்றிக்கு மருந்தை நிறுத்தி நாளாகியும் சோதனையில் சல்ஃபா காட்டுகிறதே?

கொட்டில் தரையைக் கழுவினீர்களா? சிறுநீரில் வெளியேறிய சல்ஃபாவைப் பன்றி தரையை நக்கி மறுபடி உள்ளே எடுத்துக்கொள்ளும். உடம்பு தள்ளினாலும் தரை திருப்பிக் கொடுக்கிறது.

குளத்து மீனுக்கு மருந்து போட்டால் எத்தனை நாள்? குளச்சல் மீனில் மருந்து இருக்குமா?

மீனுக்கு நாள் கணக்கு இல்லை, பாகை-நாள் கணக்கு, அதாவது தண்ணீரின் சூட்டை (டிகிரி) நாளோடு பெருக்கிய கணக்கு. மீனின் உடம்புச் சூடு தண்ணீரின் சூடுதான். தண்ணீர் சூடானால் அதன் கல்லீரலும் சுறுசுறுப்பாகும். விதி சொல்வது 500 பாகை-நாள். 28 டிகிரி தண்ணீர் உள்ள நம் ஊர்க் குளத்தில் 500ஐ 28ஆல் வகுத்தால் 18 நாள். 10 டிகிரிக் குளிர்நாட்டு ஓடையில் அதே மீன் 50 நாள் காத்திருக்க வேண்டும்.

குளச்சலிலும் தேங்காப்பட்டணத்திலும் இறங்குவது கடலில் பிடித்த மீன். அதற்கு யாரும் மருந்து ஊட்டவில்லை. வளர்ப்பு இறாலில்தான் விழிப்பு வேண்டும். ஃபியூராசோலிடோன் போன்ற நைட்ரோஃபியூரான்கள் சில மணி நேரத்தில் ரத்தத்தை விட்டு மறைந்துவிடும். ஆனால் அவற்றின் உடைந்த துண்டுகள் சதைப் புரதத்தோடு பிணைந்து வாரக்கணக்கில் இருக்கும். ஏற்றுமதிச் சோதனையில் தேடுவது அந்தத் துண்டுகளைத்தான். உணவுக்காக வளர்க்கும் உயிர்களுக்கு நைட்ரோஃபியூரானையும் குளோராம்பெனிகாலையும் கொடுக்க இந்திய அரசு 2025இல் தடை விதித்தது. கொலிஸ்டின் என்ற ஆண்டிபயாடிக்குக்கு 2019லேயே தடை வந்துவிட்டது.

பாம்புக்கு ஆண்டிபயாடிக் போடுவார்களா?

போடுவார்கள். செஃப்டாசிடிம் ஊசியை மனிதனுக்கு எட்டு மணி நேரத்துக்கு ஒரு முறை போட்டால் பாம்புக்கு மூன்று நாளைக்கு ஒரு முறை போதும். அவசரமில்லாத உயிர்.

தேன்பெட்டியில் புழு சாகிறது. சர்க்கரைப் பாகில் டெட்ராசைக்ளின் கலந்து வைக்கலாமா?

வேண்டவே வேண்டாம். மார்த்தாண்டம் பக்கத்துத் தேன் விவசாயிகளுக்கு 1990களின் தொடக்கத்தில் இந்தியத் தேனீக்களைக் கூண்டோடு அழித்த, தேனீப் புழுக்களைக் கொல்லும் தாய்லாந்து சாக்புரூட் நோய் நினைவிருக்கும். அது வைரஸ், ஆண்டிபயாடிக்குக்கு அசையாது. பாகில் கலந்த மருந்தைத் தேனீ தன் உடம்பிலிருந்து தள்ளினாலும், அடையில் வைத்த தேனுக்கு யார் தள்ளுவது? தேனுக்குக் கல்லீரலும் இல்லை, சிறுநீரகமும் இல்லை. மருந்து தானாகச் சிதைய மாதக்கணக்கில் ஆகும். ரப்பர் துளிர்க்கும் காலத்துத் தேனை நம்பி வாழும் வீட்டுக்கு, ஒரு பெட்டி மருந்து ஒரு பருவத்தின் பெயரையே கெடுத்துவிடும்.

ஊசி போட்ட பசுவின் கோமியத்தைப் பஞ்சகவ்வியத்துக்கு எடுக்கலாமா?

இந்தக் கேள்வியை இயற்கை விவசாயம் செய்யும் ஒரு தம்பி கேட்டபோது எனக்கு மிகவும் பிடித்திருந்தது. 1941இல் ஆக்ஸ்ஃபோர்டில் முதன்முதலாகப் பெனிசிலின் பெற்ற நோயாளிகளில் ஒரு போலீஸ்காரர் இருந்தார். மருந்து தட்டுப்பாடு. அவருடைய சிறுநீரைச் சேகரித்து, அதிலிருந்து பெனிசிலினைப் பிரித்தெடுத்து அவருக்கே மறுபடி ஏற்றினார்கள். சிறுநீரகம் அந்த அளவுக்கு மருந்தைக் கெடாமல் இறக்கிவிடுகிறது. உங்கள் பசுவின் கோமியத்திலும் அப்படியே இறங்கும்.

பஞ்சகவ்வியம் நுண்ணுயிர்களை வளர்க்கும் கரைசல். அதில் ஆண்டிபயாடிக்கை ஊற்றினால் வேண்டிய நுண்ணுயிர்கள் சாகும், மருந்துக்கு அசையாதவை மிஞ்சி உங்கள் வாழைத் தோட்டத்துக்குப் போகும். சாணத்திலும் இறங்கும், டெட்ராசைக்ளின் மண்ணோடு பிணைந்து நெடுநாள் கிடக்கும். அதனால் கடைசி ஊசிக்குப் பிறகு பாலை எத்தனை நாள் ஒதுக்குகிறீர்களோ அத்தனை நாளுக்குக் குறையாமல் கோமியத்தையும் சாணத்தையும் தனியாக ஒதுக்குங்கள். ஜென்டாமைசின் என்றால் அந்தப் பசுவை இந்தப் பருவம் விட்டுவிடுங்கள். பக்கத்து வீட்டுப் பசுவின் கோமியம் ஒரு குடம் போதும், கேட்டால் கொடுப்பார்கள். கேட்கும்போது அதற்கும் ஊசி போட்டார்களா என்று விசாரித்துவிடுங்கள்.